உழைப்பாளி வீட்டுப் பிள்ளையும் விஞ்ஞானப் போட்டியும்

(எம்.ரெட்டியபட்டியில் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுத் தொண்டர்களிடையே நிகழ்த்திய பேச்சு)



அருப்புக்கோட்டையில் ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டுத் தூக்கக் கண்ணோடு பஸ் ஏறி வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பகல் முழுக்கக் கரிசலில் குனிந்து களையெடுத்துவிட்டு வந்த தாய்மார்கள் இருக்கிறீர்கள். உங்களை நெடுநேரம் உட்கார வைப்பது நியாயமாகாது. நேராக விஷயத்திற்கு வருகிறேன்.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் போட்டியாம். அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? அது வாத்தியார்கள் பாடு, வசதியுள்ளவன் பிள்ளை பாடு" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இந்த நாட்டில் போட்டி என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பாலானவை, ஏற்கெனவே மேல்படியில் நிற்கிறவனுக்கு இன்னும் ஒரு படி போட்டுக் கொடுக்கிற ஏற்பாடுகள்தான். டியூஷனுக்குப் பணம் கட்டியவன் முந்துகிறான். கட்ட முடியாதவன் வாசலிலேயே நின்று விடுகிறான். இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் நாம். ஆனாலும் இந்தப் போட்டியின் விதிகளைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு என்று இதற்குப் பெயர். 1993-ல் ஆரம்பித்தது. மத்திய சர்க்காரின் விஞ்ஞான தொழில்நுட்பத் துறை ஆதரவு கொடுத்தது. நாடெங்கும் உள்ள மக்கள் விஞ்ஞான ஸ்தாபனங்கள் ஆள் கொடுத்தன. தமிழ்நாட்டில் அந்தச் சுமையைத் தோளில் ஏற்றுக் கொண்டது 1980-ல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம். பத்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் சேரலாம் என்றார்கள். பள்ளியை விட்டு நின்றுபோன பிள்ளைக்கும் கதவை அடைக்கவில்லை. முதலில் ஐந்து பேர் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். பிற்பாடு இரண்டு பேர் என்று குறைத்தார்கள். ஜில்லா, மாநிலம், தேசம் என்று மூன்று கட்டம். தேசிய மாநாட்டிலும் பிள்ளை தன் தாய்மொழியிலேயே பேசலாம். பேசுவதற்குக் கிடைப்பது பத்து நிமிடத்திற்கும் குறைவு.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய விதி ஒன்று உண்டு. பிள்ளை ஆராய வேண்டிய விஷயத்தை அது குடியிருக்கிற ஊரிலிருந்தே எடுக்க வேண்டும். புத்தகத்தைப் பார்த்து எரிமலை பொம்மை செய்து கொண்டு வந்தால் இங்கே மதிப்பில்லை. உன் தெருவில், உன் காட்டில், உன் கண்மாயில் உள்ள ஒரு பிரச்னையைக் கேள்வியாக்கு, அளந்து பார், கணக்குப் போடு, கண்டதை ஊராரிடம் சொல் என்பதே போட்டி. இந்த விதிதான் நமக்கு வாசலைத் திறக்கிறது. பெரிய நகரத்தில் பெரிய ஆய்வுக்கூடம் வைத்திருக்கிற பள்ளிக்கூடத்துக்கு நம் கண்மாய் கிடையாது!

வேறு மாதிரியும் உலகில் நடத்தியிருக்கிறார்கள். 1934-ல் லெனின்கிராடில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணித ஒலிம்பியாட் தொடங்கியது. பல்கலைக்கழகத்துப் பெரிய பேராசிரியர்களே முன்னின்று நடத்தினார்கள். நம் நாட்டில் 1963-ல் டில்லியில் விஞ்ஞானத் திறனறித் தேர்வு ஆரம்பித்து, மறு வருஷம் நாடு முழுவதற்கும் விரித்து, 350 உபகாரச் சம்பளம் கொடுத்தார்கள். நல்ல காரியங்கள்தான். ஆனால் அவை கெட்டிக்காரப் பிள்ளையைத் தேடி எடுக்கும் சல்லடைகள். நாம் பேசுகிற மாநாட்டுக்கு வேலை வேறு. பரிசு வாங்காத பிள்ளையும் தன் ஊரைப் பற்றி முன்பு யாருக்கும் தெரியாத ஒரு கணக்கோடு வீடு திரும்ப வேண்டும்.

அளப்பது, கணக்குப் பார்ப்பது எல்லாம் படித்தவன் வேலை என்று நினைத்து நம் ஆட்கள் ஒதுங்குகிறார்கள். இதை நான் ஒப்பமாட்டேன். மில் தோழர்களைக் கேட்கிறேன்: நாற்பதாம் கவுண்ட் நூல் என்றால் என்ன? 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம். அப்படி நாற்பது சிட்டம் சேர்ந்தால் ஒரு ராத்தல் எடை. அதாவது ஒரு ராத்தல் பஞ்சிலிருந்து 33,600 கெஜம் நூல். இதைக் கையால் தொட்டே சொல்லக்கூடிய ஆட்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். நூறு நாள் வேலையில் கண்மாய் வெட்டிய தாய்மார்களைக் கேட்கிறேன்: குழியின் நீளம், அகலம், ஆழம் குறைகிறது என்று கூலியைப் பிடித்தபோது, அந்த டேப்பை யார் பிடித்தார்கள், எந்த இடத்தில் பிடித்தார்கள் என்று சண்டை போட்டீர்களா இல்லையா? அந்தச் சண்டையும் விஞ்ஞானம்தான். அளவு எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்பதில்தான் அது தொடங்குகிறது.

இனி நம் ஊர்ப் பிள்ளைகள் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் மழையை "ஒரு உழவு மழை", "ரெண்டு உழவு மழை" என்பார்கள். சர்க்கார் கணக்கிலோ மில்லிமீட்டர். இரண்டுக்கும் என்ன உறவு? ஓரம் நேராக உள்ள ஒரு தகர டின்னை வெட்டவெளியில் வையுங்கள். மழை விட்டதும் டின்னுக்குள் நிற்கும் தண்ணீரின் உயரத்தை அடிக்கோலால் அளந்தால் அதுவே மழையளவு. உடனே பக்கத்துக் கரிசலில் ஒரு முழக்குழி தோண்டி, ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். பத்து மழைக்கு இப்படிச் செய்தால், நம் ஊர் மண்ணில் ஒரு உழவு மழைக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று பிள்ளை சொல்லிவிடும். செம்மண் காட்டில் அந்தக் கணக்கு மாறும். எவ்வளவு மாறும்? அதையும் அளந்துதான் சொல்ல வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆக, ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏக்கருக்கு நாற்பதாயிரம் லிட்டர் தண்ணீர் வானத்திலிருந்து இனாமாக வந்து விழுகிறது!

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? இங்கேதான் கண்மாய் வருகிறது. மழை வந்தும் கண்மாய் தை மாசத்துக்கு முன்பே வற்றிவிடுகிறது என்கிறோம். "வெயில் குடித்துவிட்டது" என்பார் ஒருவர். "மடை ஒழுகுகிறது" என்பார் இன்னொருவர். டீக்கடையில் வருஷக்கணக்கில் நடக்கிற வாதம் இது. இரண்டு பிள்ளைகள் ஒரு கார்த்திகையில் இதைத் தீர்த்து வைக்கலாம்.

கலுங்குப் பக்கம் ஆழமான இடத்தில் அளவு கீறிய மூங்கில் கம்பை நட்டுவிட வேண்டும். தினம் காலையில் ஒரே நேரத்தில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். கரையின்மேல் ஒரு டின்னில் தண்ணீர் வைத்து, அதிலும் தினம் எவ்வளவு குறைகிறது என்று எழுத வேண்டும். டின் ஒழுகாது. அதில் குறைவதெல்லாம் வெயிலும் காற்றும் கொண்டு போனது. மழை பெய்த நாளில் இன்னொரு டின்னில் விழுந்த மழையைக் கணக்கில் சேர்த்துக் கொள்ள வேண்டும். சின்னப் பாத்திரம் சீக்கிரம் சூடேறும் ஆகையால், டின்னில் ஆவியாவது கண்மாயில் ஆவியாவதைவிட அதிகமாக இருக்கும். நீரியல் படித்தவர்கள் இதற்குப் பத்துக்கு ஏழு என்று பொதுவாகக் கழித்துக் கொள்வார்கள்.

மடை அடைத்திருக்கிற நாட்களில் டின்னில் 7 மில்லிமீட்டர் குறைந்தது என்று வைத்துக் கொள்வோம். கண்மாயில் வெயில் குடித்தது சுமார் 5 மில்லிமீட்டர். ஆனால் கம்பு 8 மில்லிமீட்டர் குறைவைக் காட்டுகிறது. மீதி 3 மில்லிமீட்டர் எங்கே? தரைக்குள் ஊறியிருக்க வேண்டும், அல்லது ஒழுகியிருக்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் தானே என்று நினைக்காதீர்கள். இருபது ஏக்கர் பரப்பில் தண்ணீர் நிற்கிற கண்மாயில் அது ஒரு நாளைக்கு 2,42,000 லிட்டருக்கு மேல் ஆகிறது. பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் ஏற்றினால் இருபது லாரி. கோடைக்குக் குடம் இரண்டு கிடைக்காதா என்று நாம் அலைகிற ஊரில்! மடைப்பலகைக்குக் கீழே வாய்க்காலில் ஓடுவதைப் பிள்ளைகள் குடத்தில் பிடித்து, குடம் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்துவிட்டால், ஊறியது எவ்வளவு, ஒழுகியது எவ்வளவு என்றும் பிரித்து விடலாம். அப்புறம் மடையைப் பழுது பார்க்கச் சொல்லி மனு எழுதும்போது "பெரிய மனசு பண்ணி" என்று எழுத வேண்டியதில்லை. கணக்கை எழுதினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. வண்டல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கடியில் மறைந்து கிடக்கும். பெரியவர் ஒருவர் கூட நில்லாமல் எந்தப் பிள்ளையும் தண்ணீரில் இறங்கக் கூடாது. கம்பு நடுவது நம் வேலை, கரையில் நின்று படிப்பது பிள்ளைகள் வேலை.

இதில் நம் மானாவாரி நாட்டுக்கு ஒரு சிக்கல் இருந்தது. மாநாட்டுக்கான வேலையை ஆடி, ஆவணியில் ஆரம்பித்து ஐப்பசிக்குள் முடித்து ஜில்லாவுக்குக் கொண்டு போக வேண்டும். நமக்கோ மழையே ஐப்பசியில்தான். ஆனால் பொதுத் தலைப்பை இரண்டு வருஷத்துக்கு ஒன்றாக வைத்தார்கள். 2010, 2011-க்கு நிலவளம். 2012, 2013-க்கு எரிசக்தி. 2014, 2015-க்கு வானிலையும் காலநிலையும். ஆகவே முதல் வருஷத்துக் கார்த்திகையில் அளந்து, மறு வருஷத்துக்கு அறிக்கை எழுதிக் கொள்ள இடமிருக்கிறது. அவசரப்பட்டு வறண்ட கண்மாயைப் படமெடுத்து ஒட்டிக் கொண்டு போக வேண்டியதில்லை.

சீமைக் கருவேலத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் பேசிவிட்டுப் போக முடியாது. அமெரிக்கக் கண்டத்து மரம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்தியாவுக்குக் கொண்டு வரப்பட்டது. 2017-ல் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை அதை வெட்டச் சொல்லி உத்தரவு போட்டபோது நம் பக்கத்தில் ஊர் ஊராக வெட்டினார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது, விஷக்காற்றை விடுகிறது என்றெல்லாம் சொன்னார்கள். பகலில் கரியமில வாயுவை எடுத்துக் கொண்டு பிராணவாயுவை விடுவதில் அதுவும் மற்ற மரங்களைப் போலத்தான். ஆனால் அதன் நிழலில் மற்றப் பயிர் வருவதில்லையே, அது நிஜமா? மரத்தடி மண்ணில் நூறு கம்பு விதை, வெளி மண்ணில் நூறு கம்பு விதை ஊன்றி, சமமாகத் தண்ணீர் விட்டு, எத்தனை முளைக்கிறது என்று எண்ணிப் பார்க்கட்டும். அதே மரத்தை நம்பி மூட்டம் போட்டுக் கரி விற்றுப் பிழைக்கிற குடும்பங்களுக்கு வருஷத்தில் எத்தனை நாள் வேலை என்பதையும் கேட்டு எழுதட்டும். மரம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்பு எழுதிவிட்டு ஆராய்ச்சியை ஆரம்பிக்கக் கூடாது.

மில் தோழர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. பஞ்சுத் தூசியால் வரும் நெஞ்சு நோயை டாக்டர்கள் பிசினோசிஸ் என்பார்கள். வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகிற முதல் நாளில் நெஞ்சு இறுகும். அதுதான் அதன் ஆரம்ப அடையாளம். பாக்டரி சட்டமே இதைத் தொழில் நோய்ப் பட்டியலில் எழுதி வைத்தது. தெருவில் உள்ள மில்லாட்கள் நாற்பது பேர், அதே வயதுள்ள காட்டு வேலைக்காரர்கள் நாற்பது பேர். லீவு முடிந்த முதல் நாளில் நெஞ்சு இறுகுகிறதா, மிக்சிங்கிலா கார்டிங்கிலா கோனிலா வேலை, எத்தனை வருஷ சர்வீஸ், பீடி உண்டா என்று பிள்ளை கேட்கட்டும். பீடியைக் கேட்காமல் விட்டால் மொத்த ஆராய்ச்சியும் ஒரே கேள்வியில் கவிழ்ந்து போகும். யார் பேரையும் நோட்டில் எழுதக் கூடாது. பேர் வெளியே போனால் வேலைக்கு ஆபத்து. இன்னொன்று. நாம் எதிர்பார்த்தது கணக்கில் வரவில்லை என்றால், வரவில்லை என்றே பிள்ளை எழுத வேண்டும். சங்கத்துக்கு ஆதாரம் தேடிக் கொடுக்கிற வேலையை அதன் தலையில் கட்டாதீர்கள். நேர்மையாக எழுதிய கணக்கு எந்த மேஜையிலும் நிற்கும்.

இப்போது தொண்டர்கள் விஷயம்.

மேலே தேதி மாறும், ஆதரவு மாறும். டிசம்பர் 27 முதல் 31 வரை என்று வழக்கமாக நடந்து வந்த தேசிய மாநாடு, முப்பதாவது தடவை 2023 ஜனவரியில்தான் அகமதாபாத்தில் கூடியது. ஆனால் கீழே ஊரில் நடக்கிற வேலைக்கு எந்தக் காலத்திலும் சம்பளம் இருந்ததில்லை. இங்கிலீஷில் வருகிற வழிகாட்டிப் புத்தகத்தை ராத்திரி உட்கார்ந்து தமிழாக்கியவர்கள், பள்ளி பள்ளியாகப் போய்த் தலைமை ஆசிரியர்களிடம் பேசியவர்கள், ஜில்லா மாநாட்டுக்கு வகுப்பறை கேட்டு, அரிசி பருப்பு கேட்டு, மைக் செட்டுக்காரரிடம் கடன் சொல்லி நின்றவர்கள் எல்லாம் தொண்டர்களே. பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த பிறகு அண்டாவைக் கழுவியதும் அவர்களே.

இந்த வேலையில் பெரிய ஆபத்து பணமில்லாதது அல்ல. பணம் உள்ளே நுழைவதுதான். எங்கோ ஒரு ஜில்லா மாநாட்டில் நான் பார்த்தேன். பளபளவென்று பிளக்ஸில் அச்சடித்த படங்கள், தட்டச்சு செய்து பைண்டு போட்ட அறிக்கை, மனப்பாடம் செய்த இங்கிலீஷ் பேச்சு. "டின்னை எங்கே வைத்தாய் கண்ணு? ஆடு வாய் வைக்கவில்லையா?" என்று நடுவர் ஒருவர் கேட்டார். அந்தப் பிள்ளை திரும்பிப் பின்னால் நின்ற பெரியவரைப் பார்த்தது. பாவம், அதன் மேல் குற்றமில்லை. அடுத்த மேஜையில் சாணிக்கறை பட்ட நோட்டோடு ஒரு பையன். நான்கு நாள் பதிவு விடுபட்டிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "மிளகாய்க்குக் களையெடுக்கப் போயிட்டேன் சார்" என்றான். எனக்கு அந்த நான்கு வெற்றுக் கட்டங்கள்தான் நம்பிக்கை தந்தன. வீட்டில் உட்கார்ந்து எழுதியிருந்தால் அவற்றையும் நிரப்பியிருப்பான் அல்லவா?

நடுவராக உட்காரும் கல்லூரி ஆசிரியர்களிடம் நாம் இதைத் தைரியமாகச் சொல்ல வேண்டும். படத்தைப் பார்த்து மார்க் போடாதீர்கள், தினக்குறிப்பு நோட்டைக் கேட்டு வாங்குங்கள், கம்பைப் பிடித்தது யார் என்று கேளுங்கள். இந்தக் காவலை நாம் விட்டுவிட்டால், பத்தே வருஷத்தில் இதுவும் கட்டணப் பள்ளிக்கூடங்களின் விளம்பரப் பலகையாகிவிடும்.

களையெடுப்பு என்றதும் தாய்மார்கள் சிலர் சிரிக்கிறீர்கள். சனி, ஞாயிறு வந்தால் பிள்ளையைக் காட்டுக்குக் கூட்டிப் போகாமல் முடியாது என்பது எனக்குத் தெரியும். பிள்ளையின் கூலியை எதிர்பார்க்கிற வீட்டில் போய் விஞ்ஞானத்தின் பெருமையைப் பிரசங்கம் செய்வதில் அர்த்தமில்லை. காலையில் கம்பைப் பார்த்து எழுத அரை மணி போதும். அந்த அரை மணியை மட்டும் கேட்கிறோம். காட்டுக்குப் போகிற பிள்ளை அங்கேயே ஒரு சதுர மீட்டர் கட்டத்தில் எத்தனை களை, என்ன களை என்று எண்ணினால் அதுவும் ஆராய்ச்சிதான்.

பெண்பிள்ளைகள் விஷயம் இன்னும் கஷ்டம். ஜில்லா மட்டும் அனுப்புகிறீர்கள்; மாநில மாநாடு என்றால் இரவு தங்க வேண்டும், வேண்டாம் என்று நிறுத்திவிடுகிறீர்கள். ஆனால் அதே பெண்ணைப் பத்தாம் வகுப்பு முடிந்ததும் மில் ஹாஸ்டலுக்கு மூன்று வருஷம் அனுப்பத் துணிகிற வீடுகளும் நம்மிடையே உண்டு. கோபிக்காமல் யோசித்துப் பாருங்கள் அக்கா. பெண்பிள்ளை போகிற குழுவுடன் நம் ஊர்ப் பெண் தொண்டர் ஒருவர் கட்டாயம் கூடப் போவார். அவருக்கு விடுபடுகிற கூலியை நாம் எல்லோரும் சேர்ந்து ஈடுகட்ட வேண்டும். பஸ் செலவையும் அப்படித்தான். இதற்கு இன்றைக்கே உண்டியல் வைத்திருக்கிறோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பு நடப் போகிறோம். பதினைந்து கிலோ எண்ணெய் டின் காலியாக ஆறு வேண்டும். டீக்கடை அண்ணாச்சி இரண்டு தருவதாகச் சொல்லியிருக்கிறார், மீதி நான்கை மில் கேன்டீன் பக்கமிருந்து தோழர்கள் கொண்டு வரட்டும். மேல்மூடியை வெட்டி எடுத்து, ஓரத்தைத் தட்டி மடக்கிக் கொடுங்கள், பிள்ளைகள் கையைக் கிழித்துக் கொள்ளப் போகிறார்கள். டின்னைச் சுற்றி ஆடு அண்டாதபடி முள் வைக்கிற பொறுப்பை இரண்டு பேர் ஏற்றுக்கொள்ள வேண்டும். நீச்சல் தெரிந்தவர்கள் நான்கு பேர் பெயர் கொடுங்கள். நோட்டும் அடிக்கோலும் வாசலில் மேஜைமேல் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்து வந்தவர்கள் போகும்போது வாங்கிக் கொண்டு போகலாம்.